செவியால் அறியப்படும் குடும்பம்

செதிலிறகிகள் – 14

பட்டுநூல் தரும் பெரிய அந்துப்பூச்சிகளைச் சென்ற வாரம் கண்டோம். அக்குடும்பத்துப் பூச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் உறவு முகத்திலேயே தெரியும். யூரேனிடே என்னும் குடும்பத்தில் அவ்வாறு தெரிவதில்லை. மடகாஸ்கர் தீவில் நண்பகல் வெயிலில் பச்சையும் செம்பும் பொன்னுமாக மின்னிப் பறக்கும் பூச்சி ஒன்று. மலேசியாவில் இரவு விளக்கைத் தேடி வந்து சுவரில் அசையாமல் ஒட்டிக்கிடக்கும், உள்ளங்கையை மூடிவிடும் அளவுள்ள பழுப்புப் பூச்சி மற்றொன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செடிகளின் மறைவில் கிழித்தெறிந்த வெள்ளைத் தாள்போலக் கிடக்கும், மைக்ரோனியா அக்யூலியேட்டா எனப்படும் மெல்லிய பூச்சி இன்னொன்று. இம்மூன்றையும் ஒரே குடும்பத்தில் வைக்கவேண்டும் என்று கண்ணை மட்டும் நம்பும் எவருக்கும் தோன்றாது.

கண்ணை நம்பியவர்கள் தடுமாறிய வரலாறும் உண்டு. உயிரினங்களுக்கு இருசொற்பெயர் இடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், தென்னமெரிக்காவில் பகலில் பறக்கும் இக்குடும்பத்துப் பூச்சி ஒன்றை 1758-இல் பட்டாம்பூச்சி என்றே கொண்டு, அக்காலத்தில் பட்டாம்பூச்சிகள் அனைத்துக்கும் பொதுவாக இருந்த பாப்பிலியோ என்ற பேரினத்தில் சேர்த்தார். இன்று அதன் பெயர் யூரேனியா லெய்லஸ். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1773-இல், இங்கிலாந்தின் துரூ துரூரி மடகாஸ்கர் பூச்சியை முதன்முதலாக விவரித்தபோது அதே பிழை மீண்டும் நேர்ந்தது. அத்துடன், மாதிரியைக் கொடுத்த ஹாம்பர்க் நகரத்துக் கேப்டன் மே அது சீனத்திலோ வங்காளத்திலோ கிடைத்தது என்று சொன்னதை நம்பியதால், ஊரும் தவறிப்போயிற்று. பின்னால் நீண்ட வால்கள், வெயிலில் ஒளிரும் வண்ணம், பகற்பறப்பு ஆகியவற்றைக் கண்டவர்கள் இதைப் பட்டாம்பூச்சி என்றதில் வியப்பில்லை. ஆனால், பட்டாம்பூச்சிகளின் உணர்கொம்பு நுனியில் தடித்துக் குமிழ்போல் முடியும். இப்பூச்சிகளின் உணர்கொம்போ நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும்.

குடும்பத்தின் உண்மையான அடையாளம் அடிவயிற்றில் இருக்கிறது. பூச்சிகளின் செவி தலையில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வெட்டுக்கிளிக்கு அது வயிற்றின் முதற்கண்டத்திலும், சுவர்க்கோழிக்கு முன்காலிலும் அமைந்துள்ளது. அந்துப்பூச்சிகளில் பல குடும்பங்கள், வௌவால்கள் இரைதேட எழுப்பும் மீயொலியை, அதாவது மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியைக் கேட்டு விலகித் தப்புவதற்காக, தத்தம் வழியில் தனித்தனியே செவிகளைப் பெற்றன. மெல்லிய சவ்வாலான செவிப்பறை, அதன் பின்னே காற்று நிரம்பிய அறை, சவ்வின் அதிர்வை நரம்புக்குச் சொல்லும் சில உணர்செல்கள் என்பதே பொதுவான அமைப்பு. சில குடும்பங்களில் இது மார்பிலும், சிலவற்றில் வயிற்றின் தொடக்கத்திலும் இருக்கும். எங்கிருந்தாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே இடத்தில்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. யூரேனிடே அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்குகிறது. பெண்பூச்சியின் செவி வயிற்றின் இரண்டாம் கண்டத்து அடித்தகட்டில் முன்புறமாக இருக்க, ஆண்பூச்சியின் செவி இரண்டாம் கண்டமும் மூன்றாம் கண்டமும் சேரும் எல்லையில் பக்கவாட்டில் அமைந்துள்ளது. பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அடங்கிய செதிலிறகிகளின் மாபெரும் கூட்டத்தில் வேறெங்கும் காணப்படாத இந்த வேறுபாடு ஒரே மூதாதையிலிருந்து வந்திருக்கவேண்டும் என்பதனால்தான், மின்னும் பூச்சியும் பழுப்புப் பூச்சியும் வெள்ளைப் பூச்சியும் ஒரு கூரையின்கீழ் வந்தன. வெயிலில் மட்டுமே பறக்கும் இனங்களும் வௌவாலுக்கான இந்தச் செவியைத் துறந்துவிடவில்லை.

இவ்வாறு வரையறுக்கப்பட்ட குடும்பத்தில் ஏறத்தாழ 90 பேரினங்களும் 700 சிற்றினங்களும் உள்ளன. சாண் போட்டு அளப்பதுபோல் நடக்கும் புழுக்களை உடைய ஜியாமெட்ரிடே குடும்பத்தோடு இதுவும் ஒரே பெருங்குடும்பத்தில் வைக்கப்படுகிறது. நான்கு துணைக்குடும்பங்களில் எண்ணிக்கையில் மிகப் பெரியது எபிப்ளெமினே. இதன் பூச்சிகள் சிறியவை, மங்கிய நிறத்தவை. ஓய்வில் முன்சிறகைச் சுருட்டிப் பக்கவாட்டில் நீட்டி, பின்சிறகை உடலோடு ஒட்டவைத்துக்கொள்ளும்போது, காய்ந்த குச்சியின் துண்டு என்றே அவற்றைக் கடந்துபோகத் தோன்றும். மேலே சொன்ன வெள்ளை மைக்ரோனியாவின் பெயரால் அமைந்த மைக்ரோனினே மற்றொன்று. சாம்பல்நிற நுண்கோடுகள் ஓடும் சிறகின் பின்முனையில் குட்டையான வாலும் அதன் அடியில் கரும்புள்ளியும் இருப்பதைக் கொண்டு அப்பூச்சியை எளிதில் அறியலாம். ஆசீனே மூன்றாவது. ஓவியர்களையும் நகை செய்வோரையும் ஈர்த்ததும், உயிரியலாளர்களின் உழைப்பில் பெரும்பங்கைப் பெற்றதும் நான்காவதான யூரேனினேதான். குடும்பத்தின் பெரும்பான்மையான சிறிய உறுப்பினர்கள் இன்றும் போதிய கவனிப்பின்றி இருப்பதற்கு, இவை அழகாக இருந்து தொலைத்ததும் ஒரு காரணம் எனலாம்.

மடகாஸ்கர் பூச்சியின் அறிவியற்பெயர் கிரைசிரிடியா ரைஃபியஸ். சிறகு விரித்தால் 7 முதல் 9 சென்டிமீட்டர். பின்சிறகுகளில் ஆறு வால்கள். கருநிறத் தரையைத் தவிர அதன் வண்ணங்களுக்குச் சாயம் காரணமன்று. உருப்பெருக்கியின் கீழே சிறகு, கூரையில் வேய்ந்த ஓடுகள்போல வரிசையாய் அடுக்கிய செதில்களாகத் தெரியும். ஒவ்வொரு செதிலுக்குள்ளும் கைட்டின் என்னும் கெட்டிப் பொருளின் மெல்லிய தகடுகள் இடையிடையே காற்றுவிட்டு அடுக்கப்பட்டிருக்க, தகடுகளின் தடிமனுக்கும் இடைவெளிக்கும் ஏற்ற நிறத்து ஒளி மட்டும் வலுப்பெற்றுத் திரும்புகிறது. சோப்புக் குமிழியில் வண்ணம் எழுவதும் இவ்வகையிலேதான். இப்பூச்சியின் செதில்கள் தட்டையாக இல்லாமல் முதுகு வளைந்திருப்பதால் இன்னொரு விளைவும் நேர்கிறது. செதிலின் மேட்டிலிருந்து நேராகத் திரும்பும் ஒளிக்கு ஒரு நிறமும், இரு செதில்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் ஒன்றின்மேல் பட்டு மற்றதன்மேல் தெறித்துத் திரும்பும் ஒளிக்கு வேறொரு நிறமும் இருக்க, தூரத்திலிருந்து காணும் கண் இரண்டையும் கலந்தே பெறுகிறது. இடச்சிறகின் கோலமும் வலச்சிறகின் கோலமும் அச்சொட்டாக ஒத்திருப்பதும் இல்லை. சாயம்போல் வெளுக்காத இந்த வண்ணத்துக்காக விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தில் இதன் சிறகுகளை நகைகளில் பதித்து அணிந்தார்கள். மடகாஸ்கர் மக்களின் மொழியில் பட்டாம்பூச்சிக்கும் ஆவிக்கும் லோலோ என்ற ஒரே சொல். இப்பூச்சியை அவர்கள் லோலோனான்ட்ரியானா, அதாவது உயர்குடிப் பட்டாம்பூச்சி என்று அழைக்கிறார்கள்.

இந்த ஆடம்பரம் அனைத்தும் ஒரே ஒரு செடிப் பேரினத்தை நம்பி நிற்கிறது. ஓம்ஃபேலியா என்னும் அது, ஆமணக்கும் குப்பைமேனியும் மரவள்ளியும் அடங்கிய அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிள்ளினால் பால் வடியும். தாய்ப்பூச்சி இலையின் அடியில் இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள், நரம்புகளைக் கடித்தால் நச்சும் பிசுக்குமான பால் பீறிடும் என்பதால், நரம்புகளுக்கு இடைப்பட்ட சதையை மட்டும் சுரண்டித் தின்கின்றன. வளர்ந்த பிறகு இலை, காம்பு, பூ, காய், பற்றுக்கம்பி என எதையும் விட்டுவைப்பதில்லை. வெளிர் உடலில் கரும்புள்ளிகளும் சிவந்த கால்களும், நுனியில் குண்டு வைத்ததுபோன்ற கறுப்பு மயிர்களும் கொண்ட இப்புழு, செடியிலிருந்து நழுவினால் வாயிலிருந்து பட்டிழை விட்டு அதைப் பற்றி மேலேறிக்கொள்ளும்.

மடகாஸ்கரில் நான்கு ஓம்ஃபேலியா இனங்கள் உள்ளன. மூன்று, மேற்கே மழையற்ற பருவத்தில் இலையுதிர்க்கும் வறண்ட காடுகளில் வளர்பவை. ஒன்று கிழக்கின் என்றும் பசுமை மாறாத மழைக்காட்டில் உள்ளது. மேற்கில் இலை இல்லாத காலத்தில் புழுவுக்கு உணவும் இல்லை என்பதால் பூச்சிகள் தீவின் குறுக்கே இடம்பெயர்கின்றன. ஆனால் இலையுதிர்வு ஒன்றே இடப்பெயர்வுக்கு முழுக் காரணமாகிவிடாது. நடு அமெரிக்காவின் யூரேனியா ஃபுல்கென்ஸ் என்னும் உறவினர் சில ஆண்டுகளில் பெருங்கூட்டமாகப் பறந்துசெல்வதைப் பனாமாவில் பல்லாண்டுகள் கவனித்த நீல் ஸ்மித் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். தொடர்ந்து சில தலைமுறைப் புழுக்களால் மேயப்பட்ட ஓம்ஃபேலியா தன் நச்சைக் கூட்டிக்கொள்கிறது. அந்த இலையில் வளரும் புழுக்கள் தேறாமல் போகவே, சிறகு முளைத்த தலைமுறை மேயப்படாத செடிகளைத் தேடிப் புறப்படுகிறது என்பது அவர் கருத்து. ஓம்ஃபேலியாவில் சர்க்கரையின் வடிவை ஒத்து, சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகளின் வேலையைத் தடுக்கும் காரப்பொருள்கள் இருப்பது பின்னர் வேதியியலாளர்களால் அறியப்பட்டது. பனாமாக் கால்வாய்க்காக உருவான காட்டூன் ஏரியின் மேலே இப்பூச்சிகள் தாழப் பறக்கும்போது, படகில் உடன்சென்று அவற்றின் வேகத்தை அளந்தவர்களும் உண்டு.

நச்சுச்செடியைத் தின்று வளர்ந்த பூச்சியைப் பறவைகள் எளிதில் தொடுவதில்லை. இதன் பயனைப் பிறரும் பெறுவர் என்பதற்கு நியூ கினி சான்று. அங்கே அல்சிடெஸ் அகாதிர்சஸ் என்ற பகற்பூச்சியைப் பாப்பிலியோ லாக்லைசி என்ற உண்மையான பட்டாம்பூச்சி அப்படியே பார்த்து நடிக்கிறது. அல்சிடெசின் வயிற்றின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறம். பட்டாம்பூச்சியின் வயிறு அவ்வாறில்லை. எனவே அதன் பின்சிறகின் அடியில், வயிற்றை ஒட்டிய ஓரத்தில், அந்த ஆரஞ்சுத் திட்டு வைத்ததுபோல் அமைந்திருக்கிறது. லின்னேயஸும் துரூரியும் அந்துப்பூச்சியைப் பட்டாம்பூச்சி என்று மயங்கியதற்குப் பதிலாக, இங்கே பட்டாம்பூச்சியே அந்துப்பூச்சியாக வேடமிட்டு நிற்கிறது.

தொடக்கத்தில் சொன்ன பழுப்புப் பூச்சியான, இரவில் பறக்கும் லிஸ்ஸா ஸாம்பா மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள் பலர் கண்டிருக்கக்கூடியது. பழுப்புச் சிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும்; விரிந்த சிறகு 16 சென்டிமீட்டர் வரை செல்லும். இதன் புழுக்கள் எண்டோஸ்பெர்மம் என்ற மரத்தின் இலையைத் தின்கின்றன. அம்மரமும் ஆமணக்குக் குடும்பத்ததே. சில ஆண்டுகளில் மட்டும் இதன் எண்ணிக்கை திடீரெனப் பெருகும். 2014-இன் நடுமாதங்களில் சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடைகூடங்களிலும் கடைகளின் விளக்கடியிலும் இவை வந்து அமர்ந்தபோது, அச்சமும் வியப்புமாகச் செய்திகள் வெளிவந்தன. கடிக்கவோ கொட்டவோ தெரியாத பூச்சி அது.

பெருகுவதும் ஒடுங்குவதும் இக்குடும்பத்தின் இயல்பு; அந்த ஒடுக்கம் மீளாமல் போனதும் ஓரிடத்தில் நிகழ்ந்தது. 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் தங்கி உயிரினங்களைச் சேகரித்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் பெயரை ஏற்ற யூரேனியா ஸ்லோனஸ் என்னும் இனம் அத்தீவில் மட்டுமே வாழ்ந்தது. கருமையில் பச்சையும் சிவப்பும் நீலமும் பாய்ந்த அதன் சிறகு, பேரினத்திலேயே மிக வண்ணமயமானது. ஓர் இடத்துச் செடி நஞ்சேறினால் மற்றோர் இடத்துக்குப் போகவேண்டும் என்ற வாழ்க்கைமுறைக்குச் செடிகள் பல இடங்களில் இருந்தாகவேண்டும். தாழ்நிலக் காடுகள் விளைநிலமாகி ஓம்ஃபேலியா குறைந்ததும், எண்ணிக்கை விழுந்த ஆண்டுகளிலிருந்து இப்பூச்சியால் எழமுடியாமல் போயிருக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுக்குப் பின் அதைப் பற்றிய உறுதியான செய்தி அரிது. அருங்காட்சியகத்துப் பெட்டிகளில் ஊசி குத்திய சில மாதிரிகளே இன்று எஞ்சியுள்ளன. அவற்றின் நிறம் மங்கவில்லை.

(தொடரும்)