அதிவேக எஃகு: தொழில்திறன் உண்டு, தாது இல்லை

புது தில்லி: இரும்பில் துளையிடும் டிரில் பிட், மரையிடும் டேப், பற்சக்கரத்துக்குப் பல் வெட்டும் ஹாப் ஆகியவற்றில் பெரும்பாலானவை, பட்டறைகளில் "ஹெச்.எஸ்.எஸ்.' என்று அழைக்கப்படும் அதிவேக எஃகால் ஆனவை. வாகன ஆலை முதல் பாதுகாப்புத் தளவாட ஆலை வரை இவற்றின் தேவை உள்ளது. இக் கருவிகளைத் தயாரிக்கும் திறன் இந்தியாவுக்கு உண்டு. ஆனால், அதற்கான முக்கிய உலோகங்களுக்கு வெளிநாடுகளையே நம்ப வேண்டியுள்ளது.

டங்ஸ்டன், மாலிப்டினம் உள்ளிட்ட 5 உலோகங்கள் சார்ந்த பொருள்களின் ஏற்றுமதிக்கு 2025 பிப்ரவரி 4-ல் சீனா கட்டுப்பாடு விதித்தது, இந்தப் பலவீனத்தை வெளிச்சமிட்டுக் காட்டியது.

தயாரிப்பது எப்படி?

பரவலாகப் பயன்படும் எம்-2 ரக எஃகில் டங்ஸ்டன் சுமார் 6 சதவீதமும், மாலிப்டினம் 5 சதவீதமும் உள்ளன. முனை செந்தணலாகச் சூடேறினாலும் கூர் மழுங்காமல் இருக்க இவையே காரணம்.

இந்த எஃகு முதலில் மெல்ல ஆறவைத்து மென்மையாக்கப்படுகிறது. அந்நிலையில்தான் அதைக் கடைந்து உருவம் கொடுக்க இயலும். பின்னர் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, விரைந்து குளிர்விக்கின்றனர். வெப்பம் மிகுந்தால் எஃகின் உள்கட்டமைப்பு கெடும். குறைந்தால் போதிய கடினம் சேராது. குளிர்ந்த எஃகு எளிதில் நொறுங்கும் என்பதால், சுமார் 560 டிகிரியில் இரண்டு அல்லது மூன்று முறை "டெம்பரிங்' செய்யப்படுகிறது. இறுதியாகச் சாணை பிடித்துக் கூர் ஏற்றுகின்றனர்.

போர்க்காலப் பாடம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிதும் பயன்பட்ட ரகத்தில் டங்ஸ்டன் 18 சதவீதம். இரண்டாம் உலகப் போரின்போது அதற்குத் தட்டுப்பாடு ஏற்படவே, உள்நாட்டில் தாராளமாகக் கிடைத்த மாலிப்டினத்துக்கு அமெரிக்கா மாறியது. இந்தியாவுக்கு அந்த வழியும் எளிதன்று, இரண்டுமே இறக்குமதிதான்.

சட்டமும் மக்களும்

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுரங்கச் சட்டத் திருத்தம், இவ்விரண்டும் உள்ளிட்ட முக்கிய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அவ்வாறு ஏலம் விடப்பட்டதே மதுரை மாவட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம். அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் அந்த எல்லைக்குள் வந்ததால் மக்கள் கொதித்தெழுந்தனர். 2024 டிசம்பர் 9-ல் தமிழகச் சட்டப் பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

அடுத்த சில நாள்களில், ரூ. 16,300 கோடி செலவிலான தேசிய முக்கிய கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கனிம மறுசுழற்சிக்கு ரூ. 1,500 கோடி ஊக்கத் திட்டமும் ஏற்கப்பட்டது. அதில் மின்னணுக் கழிவும் லித்தியம் பேட்டரிக் கழிவுமே முன்னிலை பெறுகின்றன.

தேய்ந்த டிரில் பிட்டிலும் சாணைத் துகளிலும் டங்ஸ்டன் அப்படியே தங்கியிருக்கிறது. அவற்றைத் தரம் பிரித்துத் திரட்டி, மீண்டும் உருக்கினால் புதிய எஃகு கிடைக்கும். எந்தக் குன்றையும் குடைய வேண்டியதில்லை. பட்டறைக் கழிவுக்கும் இத் திட்டத்தில் உரிய இடம் அளிக்கப்படுகிறதா என்பதே நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி.