இல்லாத 144 சதுர அடி

வில்லங்கச் சான்றில் முப்பது வருஷத்துக்கு அடமானமோ ஜப்தியோ ஒன்றுமில்லை என்று முகமலர்ச்சியோடு சொல்லிக்கொண்டே, சென்னைப் புறநகரில் தாம் வாங்கவிருந்த புது அடுக்குமாடி வீட்டின் காகிதக் கட்டை நண்பர் என் மேஜைமேல் வைத்தபோது, அதில் விசேஷமாக ஏதேனும் அகப்படும் என்ற எண்ணம் எனக்கும் இல்லை. பொழுதுபோக்காகத்தான், அந்தச் சான்றில் மனையின் சர்வே எண்ணுக்குப் பதிவாகியிருந்த பதினைந்து கிரயங்களிலும் வீட்டோடு சேர்த்து விற்கப்பட்ட, மண்ணிலுள்ள பிரிபடாத பாகத்தை, நண்பர் படிக்கப் படிக்கப் பென்சிலால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினேன். வீட்டுக்கு 459 சதுர அடியாக 15 வீடுகளுக்கு 6,885. தாய்ப்பத்திரத்தின்படி மனை மூன்று கிரவுண்டு, அதாவது 7,200. பதினாறாவது வீட்டுக்காரராகப் போகும் நண்பருக்கும் 459 என்றே ஒப்பந்த நகலில் எழுதியிருந்தார்கள், எஞ்சியிருந்ததோ 315.

தன்னிடம் இல்லாததை எவரும் விற்க முடியாதாகையால், இத்தகைய கணக்கில் நஷ்டம் கடைசியாக வாங்குகிறவர் தலையில்தான் விடியும். கட்டடம் சிதிலமாகி இடித்துக் கட்டும் காலத்தில் அவருக்கென்று நிற்பது மண்ணிலுள்ள பாகம் ஒன்றே.

வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே அறியும். பதிவு செய்யாத உயிலையும், கையொப்பமிடாத மகளின் பங்கையும் அதில் தேடுவது வீண். மைனரின் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றிக் கார்டியன் விற்றிருந்தால், அந்த மைனர் வயதுக்கு வந்த மூன்று வருஷத்துக்குள் கிரயத்தை ரத்துச் செய்யக் கோரலாமாதலால், தாய்ப்பத்திரத்தில் 'மைனருக்காக' என்ற சொல் தென்படுமாயின் அனுமதி உத்தரவின் நகலைப் பார்க்காமல் மேலே செல்லலாகாது. பவர் பத்திரத்தின்பேரில் நடந்த கிரயமாயின், பவர் கொடுத்தவர் அந்தத் தேதியில் உயிரோடிருந்தாரா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

பரிகாரங்கள் உண்டு. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கலாகாது. மனையின் உரிமைக் குறையால் நேரும் நஷ்டத்துக்கு ஈடு கேட்டால், காலம் கடந்துவிட்டதென்று அவர் தட்டிக்கழிக்க 18-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. கைமாறி வரும் பழைய வீட்டுக்கோ சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவே துணை: விற்பவர் தமக்குத் தெரிந்த மறைவான குறையைச் சொல்லியாக வேண்டும், கேட்ட பத்திரங்களைக் காட்டியாக வேண்டும், ஆனால் கேட்கவேண்டியவர் வாங்குகிறவர்.

நண்பர் அந்தப் பென்சில் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது, புரமோட்டர் அலுவலகத்தில் இருந்தவர் கோபிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "இதையெல்லாம் யார் சார் கூட்டிப் பார்க்கிறாங்க?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, வாங்கியிருந்த முன்பணத்துக்குச் செக் எழுதித் திருப்பிக் கொடுத்தாராம்.