சிறு குழந்தையுடன் கேளிக்கைப் பூங்காவுக்கு

டிசம்பர் மாதம் பிறந்து, காலை வேளையில் கம்பளிக் குல்லாய்கள் வெளியே வந்துவிட்டால், டாக்குரியாவில் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகின்றது. "குழந்தைக்கு நான்கு வயது நிறைந்துவிட்டதே, இந்த விடுமுறையிலாவது நிக்கோ பூங்காவுக்கு அழைத்துப் போக வேண்டாமா?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் பெரியவர். குழந்தை அந்தப் பெயரையே அப்பொழுதுதான் கேட்கின்றது. ஆயினும் பேச்சு எழுந்த பிறகு அதற்கு நாள் குறித்தாக வேண்டும். எனவே, பள்ளி செல்லும் பருவத்தை எட்டாத குழந்தையை இத்தகைய இடத்துக்கு அழைத்துச் செல்வோர் முன்கூட்டி எவற்றையெல்லாம் யோசிக்கவேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கேளிக்கைப் பூங்கா என்பது புதுமையான சரக்கன்று. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டிவோலித் தோட்டம் 1843ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி அமைத்த டிஸ்னிலாந்து 1955 ஜூலையில் திறக்கப்பட்டது. தம் பெண்கள் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் மட்டும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த வேளையில்தான், பெற்றோரும் மக்களும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்கு உதித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் டில்லியின் அப்பு கர் 1984இல் தொடங்கி 2008 வரை நடந்தது. கொல்கத்தாவின் கிழக்கே சால்ட் லேக்கில், ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பில், நிக்கோ பூங்கா 1991 அக்டோபரில் திறக்கப்பட்டது. வங்காளத்தில் அதன் பிறகு பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அது ஒரு குளிர்காலச் சடங்கு போலவே ஆகிவிட்டது.

நாள் பார்ப்பதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. குழந்தையைச் சுவரோரமாக நிறுத்தி உயரத்தை அளந்துகொள்ளவேண்டும். இத்தகைய பூங்காக்களில் வயதைவிட உயரமே பெரிதும் செல்லுபடியாகும். வேகமாகச் சுழல்வதும், மேலேறிக் கீழே பாய்வதுமான ஆட்டங்களின் வாயிலில் அளவுகோல் வரைந்த பலகை ஒன்று நிற்கும். பெரிய பாய்ச்சல் வண்டிகளுக்கு 48 அங்குலம், அதாவது சுமார் 122 சென்டிமீட்டர் என்பது உலகெங்கும் பரவலாக உள்ள அளவு. நான்கு வயதுக் குழந்தையின் சராசரி உயரமோ 103 சென்டிமீட்டரே. ஏழு வயதை ஒட்டித்தான் 120ஐத் தொடுகின்றது. நிக்கோ பூங்காவில் 2003ஆம் ஆண்டில் மரத்தினாலேயே கட்டப்பட்ட சைக்ளோன் என்னும் பாய்ச்சல் வண்டியைப் பற்றி அண்டை வீட்டுப் பையன் எவ்வளவு வர்ணித்தாலும், நம் வீட்டுச் சிறுவனுக்கு அது இன்னும் சில ஆண்டுகளுக்கு வேடிக்கை பார்க்கும் பொருள்தான்.

அந்தப் பலகையின் காவலரிடம், "நாலு விரற்கடைதானே குறைகிறது, விட்டுவிடுங்கள்" என்று வாதாடுவோரை நாம் பார்த்திருக்கிறோம். இதில் தயவு தாட்சணியத்துக்கு இடமில்லை. ஆசனத்தின் குறுக்கே இறங்கும் இரும்புப் பிடி, ஒரு குறிப்பிட்ட அளவுள்ள உடலை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. சிறிய உடல் அதன் அடியே நழுவிவிடக்கூடும். மேலும் சிறு குழந்தைகளுக்கு உடலின் அளவை நோக்கத் தலை பெரிது. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகள் இன்னும் வலுப்பெறவில்லை. திடீரென்று திரும்பும் வண்டியில் பெரியவருக்கு உல்லாசமாக இருக்கும் குலுக்கல் அவர்களுக்குத் தீங்காக முடியலாம். ஆகவே உயரத்தை வீட்டிலேயே அளந்து, எந்தெந்த ஆட்டங்கள் கிட்டும் என்பதை விசாரித்துக்கொண்டு சென்றால், வாயிலில் நின்று குழந்தை ஏமாந்து அழும் காட்சியைத் தவிர்க்கலாம். பொம்மை ரயில், மெதுவாகச் சுற்றும் குதிரை ராட்டினம், படகு ஆகியவற்றில் ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கு வேண்டிய மகிழ்ச்சி பூரணமாக இருக்கின்றது. அதே ரயிலில் மூன்று முறை ஏறவேண்டும் என்று அது கேட்டால் ஏற்றிவிட வேண்டியதுதான். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு எல்லா ஆட்டங்களையும் பார்த்துத் தீர்த்துவிடவேண்டும் என்ற கணக்கு பெரியவர்களுடையது.

இனி நாள். சித்திரை, வைகாசியில் இந்த ஊரின் வெயிலும் புழுக்கமும் நாம் அறியாதவை அல்ல. மாலையானால் காலவைசாகிப் புயலும் வந்துவிடும். ஆனி முதல் புரட்டாசி வரை மழை. எஞ்சி நிற்பது கார்த்திகைக்குப் பிற்பட்ட குளிர்காலமே. அந்தக் குளிர்காலத்திலும் டிசம்பர் 25ஆம் தேதியையும் ஜனவரி முதல் தேதியையும் விலக்கிவிடவேண்டும். அந்த இரு நாட்களிலும் ஊரே திரண்டு அலிப்பூர் மிருகக்காட்சிச் சாலையையும் நிக்கோ பூங்காவையும் நோக்கிப் புறப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் உகந்ததன்று. செவ்வாயோ புதனோ அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ள இயலுமாயின், அந்த ஒரு நாள் விடுப்பு பொம்மை ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் நிற்பதைத் தவிர்த்துவிடும். நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு என்பது நமக்கு ஒரு பகல் முழுவதும் காத்திருப்பது போன்றது.

குறித்த நாளைப் பதினைந்து நாள் முன்னரே குழந்தையிடம் சொல்லிவிடுவது நல்ல யோசனையன்று. "அடுத்த புதன்" என்பது அதற்கு ஒரு பொருளும் தராது. சில தாய்மார்கள் கையாளும் உபாயம் ஒன்று நமக்குப் பிடித்திருக்கிறது. புறப்பட ஐந்து இரவுகள் இருக்கும்பொழுது ஒரு கிண்ணத்தில் ஐந்து புளியங்கொட்டைகளைப் போட்டு வைத்து, ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் ஒன்றை எடுத்துவிடச் செய்வது. காலத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற அந்த ஏற்பாட்டில் நச்சரிப்பும் குறைகிறது.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்குரியாவிலிருந்து இணைப்புச் சாலை வழியாகப் புறவழிச் சாலையை அடைந்து வடக்கே சென்றால் வாடகைக் கார் கொண்டுபோய் விட்டுவிடும். செலவைக் குறைக்க விரும்புவோர் டாக்குரியா நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் சியால்டா சென்று, 2022 முதல் அங்கிருந்து ஓடும் மெட்ரோவில் சால்ட் லேக் ஐந்தாம் பிரிவு வரை போய், மீதித் தூரத்துக்கு ஆட்டோ பிடிக்கலாம். ஆனால் காலை எட்டரை மணிக்குமேல் பத்தரை மணிக்குள் சியால்டா நோக்கிச் செல்லும் ரயிலில் குழந்தையுடன் ஏறுவதை நாம் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம். போகும்போது கார், அவசரமில்லாமல் திரும்பும்போதும் கார், மற்றச் செலவில் சிக்கனம் என்பதே நமது கட்சி.

இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. அதே புறவழிச் சாலையில், பாதி வழியிலேயே, 1997இல் திறக்கப்பட்ட சயன்ஸ் சிட்டி இருக்கிறது. திறந்த வெளியும், தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களும் அங்கே நிறைய. ஆனால் உயிர்களின் பரிணாமத்தைக் காட்டும் இருட்டுப் பகுதியில் அசைந்து உறுமும் டைனோசர்களின் முன்னே துணிச்சலான குழந்தைகளும் தாயின் புடவைத் தலைப்பைத் தேடுவதுண்டு. நியூ டவுனில் 2012இல் திறக்கப்பட்ட சுற்றுச்சூழல் பூங்கா மிக விசாலமானது. சிறு கால்களுக்கு அந்த விசாலமே ஒரு குறை.

அச்சம் என்று சொன்னோம். இதைப் பற்றிச் சற்று நின்று பேசுவது அவசியம். இந்த வயதில் வேஷமும் உண்மையும் தெளிவாகப் பிரிந்து தோன்றுவதில்லை. கரடி முகமூடி அணிந்து கைகுலுக்க வருபவரின் உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்று நாம் எத்தனை முறை சொன்னாலும், குழந்தைக்கு வருவது கரடியே. அப்பொழுது, "ஆண் பிள்ளை அழலாமா?" என்று கேலி செய்து, புகைப்படத்துக்காகக் கரடியின் மடியில் அதைத் திணிப்பது பல குடும்பங்களில் சாதாரணமாக நடக்கிறது. நாம் இதை வன்மையாக ஆட்சேபிக்கிறோம். முதலில் தொலைவில் நின்று பார்க்கட்டும். வேறு குழந்தை ஏறி இறங்குவதைக் காணட்டும். பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும். தன் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குத் தாய் தந்தையர் மதிப்பளிப்பார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தை, அந்நியர் எவரேனும் கையைப் பிடித்து இழுக்கும்பொழுதும் உரக்க 'வேண்டாம்' என்று சொல்லும்.

கூட்டத்தில் குழந்தை தவறிவிடுவது எல்லாப் பெற்றோரும் அஞ்சும் காரியம். டாக்குரியாத் தமிழ்க் குடும்பத்துக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், மாடிப்படியில் விளையாடும்போது வங்காளி என்று குழந்தை இரண்டையும் பேசிக்கொண்டுதான் இருக்கும். எனினும் பயம் வந்துவிட்டால் நாவில் மிஞ்சுவது தாய்மொழி ஒன்றே. "அம்மா" என்ற சொல் அங்குள்ள காவலருக்கு விளங்கிவிடும். "பாட்டி பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ரயில் கிட்டே நிக்கறா" என்பது விளங்காது. ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மூன்று வாக்கியங்களை விளையாட்டுப் போலப் பழக்கவேண்டும். "ஆமி ஹாரியே கேச்சி", அதாவது, நான் காணாமற் போய்விட்டேன். "ஆமார் பாரி டாக்குரியா", என் வீடு டாக்குரியா. மூன்றாவது, "தோமார் நாம் கீ?" என்று எவரேனும் கேட்டால் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் தயங்காமல் சொல்வது. வீட்டில் செல்லப் பெயரே வழங்குமாயின், தன் முழுப் பெயர் இன்னதென்று குழந்தைக்குத் தெரிகிறதா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். பல குழந்தைகளுக்குத் தெரிவதில்லை!

இத்துடன், தவறிவிட்டால் ஓடித் தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும் என்றும், சீருடை அணிந்தவரிடமோ, குழந்தையுடன் இருக்கும் வேறொரு தாயிடமோதான் பேசவேண்டும் என்றும், யார் அழைத்தாலும் வெளி வாயிலைத் தாண்டலாகாது என்றும் சொல்லி வைக்கவேண்டும். பெற்றோரின் தொலைபேசி எண்ணை முன்கையின் உட்புறத்தில் மையினால் எழுதிவிடலாம். பெயரைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி எழுதுவது கூடாது. பெயர் சொல்லி அழைப்பவரை எல்லாம் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். புறப்படும் தறுவாயில், அன்று உடுத்திய உடையுடன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளவும். பதற்றத்தில் சட்டையின் நிறம் நீலமா பச்சையா என்பது பெற்ற தாய்க்கே நினைவிராது.

உணவு விஷயத்தில், வெளி உணவை உள்ளே அனுமதிப்பார்களா என்பதை முன்னதாக விசாரித்துக்கொள்ளவேண்டும். அனுமதி உண்டெனில் மிளகாய்ப்பொடி தடவாத இட்லியும், சீக்கிரம் புளிக்காமல் பாலில் பிசைந்த தயிர் சாதமும் போதும். இல்லையெனில், வீட்டில் பதினொரு மணிக்குள் வயிறார உண்ணச் செய்து அழைத்துப் போவது மேல். தண்ணீரை மட்டும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். குளிர்காலத்தில் தாகம் தெரியாமல் விளையாடிவிட்டுப் பின்னர் தலைவலி என்று குழந்தைகள் சோர்ந்துபோவதுண்டு. வண்ணக் குச்சி ஐசும் தெருவோரப் புச்காவும் ஒத்துக்கொள்ளாமல் மறுநாள் வயிற்றுப்போக்குக் கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வீட்டில் தயாராக இருக்கட்டும். 1971ஆம் ஆண்டில், இதே வங்காளத்து எல்லையில், பொன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் அந்தக் கரைசலைப் பெருமளவில் வழங்கி ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார்.

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கம் தேவை; பகல் தூக்கமும் இதில் சேர்ந்தது. பகலில் உறங்கிப் பழகிய குழந்தையை அந்த ஒரு நாள் உறங்கவிடாமல் சுற்றினால், நான்கு மணிக்கு எதற்கென்று தெரியாத ஓர் அழுகை பிறக்கும். அதைப் பிடிவாதம் என்று கருதி அடிப்பது அநியாயம். திறக்கும் நேரத்துக்கே சென்று, இரண்டு அல்லது மூன்று மணிக்குப் புறப்பட்டுவிடுவதே தகும். பாட்டியும் உடன் வருவாராயின் நிழலுள்ள பெஞ்சு ஒன்றைப் பிடித்து அவரை அமரச் செய்து, அதையே எல்லோரும் வந்து கூடும் இடமாக வைத்துக்கொள்ளலாம். முட்டிவலியுள்ள பாட்டிக்கும் களைத்த பேரனுக்கும் அந்தப் பெஞ்சு ஒருங்கே உதவும்.

இவற்றையெல்லாம் ஒரேயடியாகப் பெரிய இடத்தில் சோதிக்க வேண்டியதில்லை. டாக்குரியா ஏரி என்று முன்னர் வழங்கியதும், 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் பெற்றதுமான நீர்ப்பரப்பு வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கு ஒரு காலை வேளையில் இரண்டு மணி நேரம் சுற்றி, குழந்தை எவ்வளவு தூரம் நடக்கிறது, எப்பொழுது 'தூக்கு' என்று கையை நீட்டுகிறது, கழிப்பறைத் தேவையை எத்தனை நேரத்துக்கு ஒரு முறை சொல்கிறது என்பவற்றைக் கவனித்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்தில் இரண்டு முறை தூக்கவேண்டி வந்தால் பூங்காப் பயணத்துக்கு மடக்கு வண்டி ஒன்று தேவை என்று அறிக. நடை நன்றாக இருந்து, மூன்று வாக்கியங்களும் மனப்பாடமாகியிருந்தால், கிண்ணத்தில் புளியங்கொட்டைகளைப் போடத் தொடங்கலாம்.