ஸ்கோர் பழசானால் பரவாயில்லை... பேங்க் பேலன்ஸ்?

கிரிக்கெட் மேட்ச் நாளில் லட்சக்கணக்கானோர் ஒரே ஸ்கோரைத் தேடுவோம். ஒவ்வொருவருக்காகவும் டேட்டாபேஸைத் துழாவினால் சர்வர் திணறிவிடும். அதனால், ஒருமுறை கிடைத்த பதிலை மெமரியில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி மறுபடி வந்தால் அப்படியே எடுத்துக் கொடுக்கிறார்கள். இதுதான் 'கேஷிங்'.

சிக்கல் என்னவென்றால், பதில் பழசாகிவிடும். பிரபல டேட்டாபேஸான 'மைஎஸ்க்யூஎல்' இதில் ரொம்பக் கறார். ஓர் அட்டவணையில் ஒரு வரி மாறினாலும், அதிலிருந்து எடுத்துவைத்த பதில்கள் அத்தனையும் காலி! அடிக்கடி மாறும் தகவல்களுக்கு இதனால் வேகம் குறையவே செய்தது. 2018-ல் வந்த 8.0 பதிப்பில் அந்த வசதியையே தூக்கிவிட்டார்கள்.

இப்போது 'ரெடிஸ்', 'மெம்கேஷ்டு' போன்ற தனி மென்பொருள்களில் பதிலைச் சேமித்து, இத்தனை விநாடிதான் செல்லும் என்று கெடுவும் வைக்கிறார்கள். ஸ்கோருக்கு அது போதும். ஆனால், பணம், டிக்கெட் விஷயத்தில் பக்கத்தை ஒருமுறை 'ரெஃப்ரெஷ்' செய்து பாருங்கள்!