ஒளி தீட்டிய முகங்கள்

பழைய ஒளிப்படங்களைக் காணும்போது, ‘இவர்கள் ஏன் சிரிக்கவில்லை?’ என்னும் வினா நம்முள் எழுகிறது. விறைத்த தோள்களையும் இறுகிய உதடுகளையும் கண்டு, அக்கால மக்கள் கடுமையானவர்கள் என எண்ணிவிடுகிறோம். அவ்விறைப்பின் காரணத்தை அறிந்தால், அப்படங்களின் அழகும் நமக்குப் புலப்படும்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி தாகேரின் ஒளிப்பட முறை 1839 ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசி மெருகேற்றிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிக்கும் முறை அது. தொடக்கத்தில் தகட்டின்மீது பல நிமிடங்கள் ஒளி படவேண்டியிருந்தது. அந்நேரம் பின்னர் நொடிகளாகக் குறைந்தபோதும், தலை சற்றே அசைந்தால் முகம் மங்கிவிடும். எனவே, அமர்ந்திருப்பவரின் பின்னந்தலையை இரும்புத் தாங்கி ஒன்று பிடித்திருக்கும். புன்னகையை அவ்வளவு நேரம் காப்பது அரிது. அமைதியைக் காப்பது எளிது. பெருமிதத்துடன் அமரும் ஓவிய மரபும் இதற்குத் துணைநின்றது.

1851 இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், ஒரே கண்ணாடி நெகட்டிவிலிருந்து பல தாள்படிகள் எடுக்க முடிந்தது. இத்தகடு நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பொளியை மிகக் குறைவாகவும் ஏற்றது. அதனால் சிவந்த உதடுகள் கருத்தும், நீல விழிகள் வெளிறியும் தோன்றின.

1854 இல் பாரிசு நகரின் திஸ்தேரி, சிறிய அட்டைப்படங்களுக்குக் காப்புரிமை பெற்றார். தூணும் திரைச்சீலையும் சூழ மனிதரை முழு உருவமாய் நிறுத்துவது அவ்வகைப் படங்களின் வழக்கம். அதே நகரில் நாடார் என்னும் புனைபெயர் கொண்ட ஒளிப்படக் கலைஞர் வேறு வழி கண்டார். கேலிச்சித்திரம் வரைந்து முகங்களைப் படித்தவர் அவர். பின்னணியை வெறுமையாக விட்டு, ஒளியை ஒரு பக்கத்திலிருந்து விழச்செய்தார். ஏறத்தாழ 1864 இல் அவர் எடுத்த நடிகை சாரா பெர்னார்ட்டின் படத்தைக் காண்க. உடலைச் சுற்றிய துணியின் கனத்த மடிப்புகள் கண்ணை மேல்நோக்கி அழைத்துச் செல்கின்றன. ஒளி தோளில் தங்கி முகத்தில் நிறைகிறது. அவர் பார்வையோ நம்மை விட்டு விலகி நிற்கிறது. அவ்விலகலே அவர் என்ன எண்ணுகிறார் என நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

ஆகவே, ஒரு பழைய படத்தின் முன் நிற்கும்போது நான்கினை நோக்குதல் வேண்டும். ஒளி எப்பக்கமிருந்து வருகிறது? பின்னணி முகத்திற்குத் துணையா, போட்டியா? கைகள் எங்கே அமைந்துள்ளன? கண்கள் எதை நோக்குகின்றன?

ஒளிப்படக்கலை 19 ஆம் நூற்றாண்டிலேயே சென்னைக்கும் வந்தது. மாணவர்களே, உங்கள் வீட்டிலும் மங்கிய படம் ஒன்று பரணில் கிடக்கலாம். பெயரறியா முதியவர் எனக் கருதி அதை எறிந்துவிடாதீர்கள். தம் முகம் தமக்குப் பின்னும் நிலைக்கவேண்டும் என்று ஒருவர் மூச்சடக்கி அமர்ந்த நொடிகள் அதில் உள்ளன. அவர் பெயரை அறிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்.