பொதிகையின் பனிக்கட்டி

கங்கைக்கு இமயத்தின் பனி கோடையிலும் உருகி நீர் அளிக்கிறது. நமது தாமிரபரணிக்கோ அவ்வித மூலதனம் கிடையாது. அது உற்பத்தியாகும் பொதிகையின் அகஸ்தியர் சிகரம் 1,868 மீட்டர் உயரமே; அங்கே உறைபனிக் குவியல் இல்லை. ஆயினும் அது ஜீவநதியாக விளங்குவதன் காரணம் யாது? தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவக்காற்றுகளும் அம்மலைத்தொடருக்கு மழை தருகின்றன. அம்மழையைச் சோலைக்காடுகளின் வேரும் சருகும் மண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சி, மழை நின்ற பின்னரும் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. ஆகவே, காடே பொதிகையின் பனிக்கட்டி என்போம்.

2016-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அகஸ்திய மலையைத் தன் உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் சேர்த்தது. அது கௌரவமே, காவலாகாது. மலைமேல் மரத்தை வெட்டுவோன் சமவெளியில் காரையும் பிசானத்தையும் வெட்டுகிறான். நதியைத் தாயென்று போற்றும் ஜனங்கள் அவள் பிறந்தகத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்களல்லரோ?