ரூமுக்குள் 'கிஸ்ஸிங் பக்' வந்தால் சாகஸ் நோய் வருமா?

ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வந்து லைட்டைப் போட்டால், சுவரில் 2 செ.மீ. நீளத்தில் ஒரு கறுப்புப் பூச்சி. ஓரமெல்லாம் ஆரஞ்சுக் கோடு. போனில் தேடினால் 'கிஸ்ஸிங் பக்' என்கிறது. அடுத்த வரியே 'சாகஸ் நோய், இதயம் பாதிக்கும்'. பயப்படணுமா?

பூச்சி வேறு, கிருமி வேறு. சாகஸை உண்டாக்கும் 'டிரிபனசோமா குரூசி' ஒட்டுண்ணியின் தாயகம் லத்தீன் அமெரிக்கா. பூச்சி ரத்தம் குடித்ததும் அங்கேயே கழிவை விடும்; சொறியும்போது அதிலுள்ள கிருமி உடம்புக்குள் போகும். இந்தியப் பூச்சிகள் மூலம் இந்த நோய் பரவுவதில்லை.

ஆனால் பூச்சி இங்கே புதுசில்லை. பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் இந்த நோயைக் கண்டுபிடித்த அதே 1909-ல், சென்னையில் சார்லஸ் டோனவன் 'டிரையடோமா ரூப்ரோஃபாசியாடா' என்ற பூச்சியின் குடலில் வேறொரு டிரிபனசோமாவைப் பதிவு செய்தார். அது எலிகளுக்கு வரும் வகை. அந்தப் பூச்சிதான் மேலே சொன்ன ஆரஞ்சுக் கோட்டுக்காரர். எலிகளோடு கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போனவர்.

இன்னொரு குடும்பம் முழுக்க நம்ம ஊர்தான். 'லின்ஷ்கோஸ்டியஸ்' பேரினத்தில் அறியப்பட்ட 6 இனங்களும் இந்தியாவில் மட்டுமே உள்ளன. அதில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து 2002-ல் விவரிக்கப்பட்டது. பிரேசில் ஆய்வாளர்களோடு பாளையங்கோட்டை டி.பி. ஆம்புரோஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. வைத்த பெயர் 'கருப்பஸ்'. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தமிழ் கேட்கும்!

இனத்தைப் பிரிப்பது போட்டோ வேலையில்லை. முதலில் தலைக்கு அடியில் உள்ள ஊசிமூக்கைப் பார்க்கணும். நேராக இருந்தால் ரத்தம் குடிப்பது. வளைந்திருந்தால் மற்ற பூச்சிகளை வேட்டையாடும் உறவுக்காரர், விவசாயிக்கு நண்பர். செயலிகள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

இது ஏன் முக்கியம்? ரூப்ரோஃபாசியாடா பிரேசிலில் குரூசி கிருமியோடும் பிடிபட்டிருக்கிறது. கடத்தும் திறன் அதற்கு உண்டு, இங்கே கிருமிதான் இல்லை. சாகஸ் ரத்தம் ஏற்றுவதாலும் தொற்றும். எனவே மெக்சிகோ, பிரேசில் என்று சில வருஷம் தங்கி வந்தவர்கள், ரத்ததானத்துக்கு முன் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

பூச்சியைக் கையால் நசுக்க வேண்டாம். மூடி போட்ட டப்பாவில் பிடித்து, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் காட்டலாம். கடித்த பிறகு மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்தால் அது சாகஸ் இல்லை, அலர்ஜி. ஆனால் அதுதான் அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.